1 லட்சம் சீட், 20 ஆயிரம் பேருக்குத்தான் அனுமதி: 2020-ல் அமெரிக்க கல்லூரி ஃபுட்பால் ரசிகர்கள் ஏன் தவித்தார்கள்?

ஸ்டேடியத்தை முழுசாகத் திறந்து விடுங்கள் என்று கேட்ட பயிற்சியாளருக்கே ஒரு வாரத்தில் கொரோனா! அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக ஃபுட்பால் அணியின் அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் டான் மல்லன்தான் அவர்.

2020 அக்டோபர் 10-ம் தேதி அவருடைய அணி டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணியிடம் 41-38 என்று கடைசி நேரத்தில் தோற்றது. எதிரணி மைதானத்தில் கத்திய கூட்டமும் தோல்விக்கு ஒரு காரணம் என்று மல்லன் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆட்டம் எங்கள் ஊரில், 90 ஆயிரம் பேரையும் உள்ளே விட வேண்டும் என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் அவருடைய அணியில் 20 பேருக்கும் மேல் தொற்று உறுதியானது. 17-ம் தேதி நடக்க வேண்டிய எல்.எஸ்.யு அணியுடனான ஆட்டம் தள்ளிப்போனது. கடைசியில் மல்லனுக்கும் பாசிட்டிவ்.

இதில் ஒரு வேடிக்கை, அந்த டெக்சாஸ் ஆட்டத்துக்கு வந்ததே 24,709 பேர்தான். அந்த ஸ்டேடியத்தில் 1 லட்சத்து 2 ஆயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கால்வாசி கூட்டத்துக்கே இந்தப் பேச்சு என்றால், ரசிகர்கள் இல்லாதது அங்கே எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது நம்ம ஊர் கால்பந்து இல்லை

இந்தச் செய்தி டெஸ்க்குக்கு வந்த முதல் நாள் நானே 'கால்பந்து' என்று டைப் செய்து திட்டு வாங்கினேன். இது ஹெல்மெட் போட்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு மோதும் அமெரிக்கன் ஃபுட்பால். கல்லூரி மாணவர்கள் ஆடுவது. 2020-ல் அவர்களுக்குச் சம்பளம் கிடையாது, ஸ்காலர்ஷிப் மட்டும்தான்.

கல்லூரி விளையாட்டுதானே என்று நினைக்க வேண்டாம். 1 லட்சத்துக்கும் மேல் இருக்கைகள் கொண்ட கல்லூரி ஸ்டேடியங்கள் மட்டும் அமெரிக்காவில் 8 இருக்கின்றன. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். என்.எஃப்.எல் என்ற தொழில்முறை லீக்கில் எந்த அணியின் மைதானத்திலும் இத்தனை நிரந்தர இருக்கை இல்லை. அலபாமா, நெப்ராஸ்கா, அயோவா போன்ற மாநிலங்களுக்கு என்.எஃப்.எல் அணியே கிடையாது. அங்கெல்லாம் கல்லூரி அணிதான் ஊர் அணி. அந்தக் கல்லூரி வாசலை மிதிக்காதவர்கள்கூட சனிக்கிழமை அதே கலர் சட்டையோடுதான் வெளியே வருவார்கள்.

யார் முடிவெடுப்பது?

குழப்பமே இங்கேதான் ஆரம்பிக்கிறது. 2020 ஐபிஎல் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பிசிசிஐ என்ற ஒரே அமைப்பு முடிவெடுத்தது, மொத்தப் போட்டியும் அமீரகத்துக்குப் போனது, கேலரி காலி. பிடிக்கிறதோ இல்லையோ, எல்லாருக்கும் ஒரே விதி.

அமெரிக்க கல்லூரி ஃபுட்பாலில் அப்படி ஒரு தலைமை இல்லை. என்.சி.ஏ.ஏ என்று ஒரு அமைப்பு இருந்தாலும், மேல்மட்ட அணிகளின் சீசனை நடத்துவதா வேண்டாமா என்று முடிவு செய்வது கான்ஃபரன்ஸ்கள். கான்ஃபரன்ஸ் என்றால் மாநாடு இல்லீங்க, பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்த லீக் மாதிரி.

அதனால் என்ன ஆனது? ஆகஸ்ட் 11-ம் தேதி பிக் டென், பேக்-12 என்ற இரண்டு பெரிய கான்ஃபரன்ஸ்கள் இந்தப் பருவத்தில் ஆட்டமே இல்லை என்று அறிவித்தன. தென் மாநிலங்களின் எஸ்.இ.சி, நாங்கள் ஆடுவோம் என்றது. உடனே பிக் டென் வீரர்களும் பெற்றோரும் போர்க்கொடி தூக்கினார்கள். நெப்ராஸ்கா வீரர்கள் 8 பேர் நீதிமன்றத்துக்கே போனார்கள். தேர்தல் நேரம் வேறு, அதிபர் டிரம்ப் பிக் டென் ஆணையருக்கு போன் போட்டுப் பேசினார். செப்டம்பர் 16-ம் தேதி பிக் டென் பல்டி. தினமும் பரிசோதனை செய்து ஆடுவோம், ஆனால் பொது ரசிகர்களுக்கு டிக்கெட் இல்லை. அடுத்த வாரமே பேக்-12 அதே வழிக்கு வந்தது.

ஆட்டம் உண்டு என்று ஆன பிறகும் ரசிகருக்கு நிம்மதி இல்லை. எத்தனை பேரை உள்ளே விடலாம் என்பதில் மாநில கவர்னர் ஒன்று சொன்னார், பல்கலைக்கழகம் வேறொன்று சொன்னது. ஃப்ளோரிடா கவர்னர் முழுக் கூட்டத்துக்கே அனுமதி கொடுத்துவிட்டார். அந்த தைரியத்தில்தான் மல்லன் 90 ஆயிரம் கேட்டார். ஆனால் பல்கலைக்கழகம் 17 ஆயிரத்துக்கு மேல் ஒருவர்கூட முடியாது என்று சொல்லிவிட்டது. அன்று அந்த நிர்வாகம் தலையாட்டியிருந்தால் நிலைமை என்ன ஆகியிருக்கும்?

அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகம் இன்னும் ஒரு படி மேல். முதல் ஆட்டத்துக்கு 25 ஆயிரம் பேர் வரலாம் என்று அறிவித்தது. அந்த ஊரில் மாணவர்களிடையே தொற்று வேகமாகப் பரவிக்கொண்டிருந்த நேரம் அது. எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே நாளில் யாரும் வர வேண்டாம் என்றது. அக்டோபரில் மறுபடி சுமார் 15 ஆயிரம் பேருக்கு அனுமதி. நம்பி ஹோட்டலில் ரூம் போட்டவர் கதி?

அந்த 20 ஆயிரம் பேர் யார்?

அலபாமா பல்கலைக்கழக ஸ்டேடியத்தில் 1 லட்சத்துக்கும் மேல் இருக்கைகள். 2020 சீசனில் அனுமதி 20 சதவீதம். வழக்கமாக ஆறேழு ஆட்டங்கள் சொந்த மைதானத்தில் நடக்கும், அதாவது ஏழு லட்சம் சீட் வரை. எஸ்.இ.சி அந்த வருடம் 10 ஆட்டங்கள் மட்டும் வைத்திருந்ததால் சொந்த ஊரில் ஐந்துதான். ஐந்து ஆட்டத்துக்கு 20 ஆயிரம் வீதம் மொத்தமே 1 லட்சம் சீட். ஏழு பேருக்கு இருந்த இடம் ஒருவருக்கு!

இந்த ஒரு இடம் யாருக்குப் போனது? பெரிய அணிகளில் சீசன் டிக்கெட் வாங்குவதற்கே முதலில் பல்கலைக்கழக விளையாட்டு நிதிக்கு நன்கொடை கொடுக்க வேண்டும். எத்தனை வருடமாக, எவ்வளவு கொடுத்தீர்கள் என்பதற்குப் புள்ளிகள் உண்டு. தாத்தா காலத்திலிருந்து ஒரே வரிசையில் உட்காரும் குடும்பங்கள் இருக்கின்றன. சீட் குறைந்ததும் பல இடங்களில் அந்தப் புள்ளிக் கணக்குதான் முன்னுக்கு வந்தது. அதிகம் கொடுத்தவர் உள்ளே. மற்றவர்களுக்குப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், அடுத்த வருடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், இல்லை நன்கொடையாக விட்டுவிடலாம் என்று வாய்ப்பு கொடுத்தார்கள். நோட்டர் டேம் பல்கலைக்கழகம் இதற்கு நேர் எதிராக, மாணவர்களும் ஊழியர்களும் மட்டும் வந்தால் போதும் என்று முடிவெடுத்தது. எனக்கென்னவோ அதுதான் நியாயமாகப் படுகிறது. ஆடுவது அவர்களுடைய வகுப்புத் தோழர்கள்தானே?

உள்ளே போனவருக்கும் பாதி சந்தோஷம்தான். மாஸ்க், தள்ளித் தள்ளி சீட். அதைவிட, 'டெய்ல்கேட்டிங்' இல்லை. ஆட்டத்துக்கு முன்பு காலையிலேயே காரை நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து, அடுப்பு மூட்டி, இறைச்சி சுட்டு, பீர் குடித்து, பக்கத்து கார்க்காரருக்கும் தட்டு நீட்டும் கூத்து அது. நம்ம ஊர் குலசாமி கோயிலுக்கு வேன் பிடித்துப் போய்ப் பொங்கல் வைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் 'தி குரோவ்' என்று ஒரு தோப்பு இருக்கிறது. கூடாரத்துக்குள் சரவிளக்கு தொங்கவிட்டு விருந்து வைப்பார்கள். அந்த வருடம் அங்கேயும் தடை.

காலி ஸ்டேடியம் என்றாலும் ஏன் ஆடியே ஆக வேண்டும்?

டிவி பணம். கேலரியில் ஆள் இல்லாவிட்டாலும் கேமரா ஓடினால் ஒளிபரப்பு வருமானம் வரும். ஃபுட்பால் வருமானத்தில்தான் பல பல்கலைக்கழகங்களில் நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், டென்னிஸ் எல்லாம் நடக்கின்றன. ஏற்கெனவே பற்றாக்குறையில் இருந்த ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், கொரோனாவால் நிலைமை மோசமானதும் 11 விளையாட்டுகளை நிறுத்தப் போவதாக 2020 ஜூலையிலேயே அறிவித்தது.

ஆனால் டிவி பணம் பல்கலைக்கழகத்துக்குத்தான் போகும், தெருமுனை ஹோட்டலுக்குப் போகாது. பென் ஸ்டேட் அணி இருக்கும் ஸ்டேட் காலேஜ் என்ற ஊரின் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். ஸ்டேடியத்தில் 2020-ல் 1,06,572 இருக்கைகள். ஊரைவிட ஸ்டேடியம் இரண்டு மடங்குக்கு மேல் பெரிசு! வருடத்தில் அந்த ஆறேழு வாரக்கடைசிகளை நம்பித்தான் அங்கே ரூம் வாடகை, சாப்பாட்டுக் கடை, டி-ஷர்ட் கடை எல்லாம். அந்த முறை ஆட்டம் உண்டு, வியாபாரம் இல்லை.

அலபாமா அணி இருக்கும் டஸ்கலூசாவில் நிலைமை வேறு மாதிரி. மாணவர்கள் திரும்பி வந்ததும் தொற்று எகிற, ஆகஸ்ட் 24-ம் தேதி மேயர் பார்களை எல்லாம் இரண்டு வாரம் மூடச் சொன்னார். ஸ்டேடியத்தில் தள்ளி உட்கார வைக்கலாம். ஆட்டம் முடிந்து பாருக்குள் போகிறவர்களை யார் தள்ளி நிற்க வைப்பது?

அடுத்து என்ன?

ஃப்ளோரிடா - எல்.எஸ்.யு ஆட்டத்துக்கு டிசம்பர் 12-ம் தேதி குறித்தார்கள். அட்டவணையை நம்ப முடியவில்லை என்பதற்கு ஹூஸ்டன் அணியே சாட்சி. அவர்களுடைய ஆட்டங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தள்ளிப்போய், முதல் ஆட்டம் அக்டோபர் 8-ம் தேதிதான் நடந்தது. அலபாமாவின் அப்போதைய பயிற்சியாளர் நிக் சேபனுக்கு அந்த அக்டோபரில் பாசிட்டிவ் என்றார்கள். பிறகு அது தவறான முடிவு என்று தெரிந்து, சனிக்கிழமை ஜார்ஜியா ஆட்டத்துக்கு அவரே வந்து நின்றார்.

பிக் டென் சீசன் 2020 அக்டோபர் 23-ம் தேதி தொடங்கியது. மறுநாள் ஓஹையோ ஸ்டேட் - நெப்ராஸ்கா ஆட்டம். 1 லட்சம் பேருக்கு மேல் உட்காரும் அந்த ஸ்டேடியத்துக்குள் ரசிகர்கள் என்று அனுமதி கிடைத்தது வீரர்கள், பயிற்சியாளர்களின் குடும்பத்தினருக்கு மட்டும்தான்.