நிற்காமல் சுழலும் முக்கோணம்

ஹிரோஷிமாவைத் தலைமையிடமாகக் கொண்ட மஸ்டா நிறுவனம், பதினோரு ஆண்டுகளாக எந்தக் காரிலும் இடம்பெறாமல் ஒதுங்கியிருந்த தன் சுழல் யந்திரத்தை 2023-ஆம் ஆண்டில் எம்எக்ஸ்-30 என்னும் மின்சாரக் காரில் மீண்டும் பொருத்தியது. மறு ஆண்டு பிப்ரவரியில், அந்த யந்திரத்தின் அபிவிருத்திக்கென்றே ஒரு தனிக் குழுவையும் மறுபடி அமைத்தது. இவ்விரண்டு செய்திகளையும் தொடர்ந்து, மோட்டார் உலகில் ஒரு புரட்சி நிகழவிருப்பதாகப் பத்திரிகைகளில் படிக்கிறோம். இதே புரட்சி 1960-களிலும் வாக்களிக்கப்பட்டது, 1970-களிலும் வாக்களிக்கப்பட்டது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் சற்றுப் பொறுத்தே உற்சாகப்படுவார்கள். மஸ்டா என்ற பெயரை ஸ்வராஜ் மஸ்டா வேன்களின் முகப்பில் பார்த்துப் பழகிய நம் வாசகர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும்: அவ் வேன்களில் இருந்தது சாதாரண டீசல் யந்திரம், நாம் இங்கே பேசப்போவது முற்றிலும் வேறு ஜாதி.

சாதாரண யந்திரத்தில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வருகிறது என்பதும், உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கு காரியங்களை மாறி மாறிச் செய்கிறது என்பதும் பள்ளிப் புத்தகத்தில் படித்த சங்கதிகளே. ஆனால் அப்புத்தகம் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம் உண்டு: மேலே போன பிஸ்டன் கீழே வருவதற்கு முன் ஒரு கணம் நின்றே ஆகவேண்டும். பிஸ்டன் சுழற்றும் தண்டு நிமிஷத்துக்கு 6,000 முறை சுழலும்போது ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 200 தடவை நின்று, 200 தடவை மறுபடி புறப்படுகிறது. கனமான ஓர் உலோகத் துண்டை ஓட்டுவதும் நிறுத்துவதுமாக இவ்வளவு சக்தியை அலைக்கழிப்பானேன், ஆதியிலிருந்தே சுழலுகிற ஒன்றைக் கொண்டு காரியத்தை முடிக்கலாகாதா என்று கேட்டவர்கள் பலர். கேட்டதோடு நில்லாமல் செய்தும் காட்டியவர் பெலிக்ஸ் வாங்கல் என்ற ஜெர்மானியர்.

அவருடைய யந்திரத்தில் சிலிண்டர் என்று ஒன்று இல்லை. இடை சிறுத்த நீள்வட்டமாய்க் குடைந்த ஓர் உலோகக் கூட்டினுள், பக்கங்கள் சற்றே புடைத்த ஒரு முக்கோணம் சுழல்கிறது. அதன் மூன்று முனைகளும் கூட்டின் சுவரை எந்நேரமும் தொட்டுக்கொண்டே போகின்றன. இதை மனக்கண்ணால் காண விரும்புவோர் ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளலாம். குழவி தன்னைத்தானே சுற்றிக்கொண்டே குழியையும் சுற்றிவருகிறது. அது ஒரு பக்கம் ஒதுங்கும்போது மறுபக்கம் இடம் பிறக்கிறது. அவ்விடத்தில் ஊறிய உளுந்து சரிகிறது. குழவி அப்பக்கம் திரும்பியதும் உளுந்து நசுங்குகிறது. உளுந்துக்குப் பதில் பெட்ரோல் கலந்த காற்று, நசுங்கும் இடத்தில் ஒரு தீப்பொறி, அவ்வளவே வித்தியாசம். குழவியைச் சுற்றுவது அம்மாளின் கை. இங்கோ வெடிப்பின் அழுத்தம் குழவியைச் சுற்ற, குழவி தண்டைச் சுற்றுகிறது. முக்கோணத்தின் வயிற்றில் வெட்டியுள்ள பற்சக்கரம் கூட்டோடு அசையாமல் நிற்கும் சிறு பற்சக்கரத்தின்மேல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் உருள்வதால், முக்கோணம் ஒரு முறை சுழல்வதற்குள் நடுவிலுள்ள மையம் விலகிய தண்டு மூன்று முறை சுழன்றுவிடும். ஆகவே தண்டு 9,000 சுற்றில் கூவும்போதும் முக்கோணம் நிதானமாய் 3,000 சுற்றுத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

இதில் நம்மை மயக்குவது கணக்கின் நேர்த்தி. முக்கோணத்துக்கு முகங்கள் மூன்று. ஒரு முகம் உறிஞ்சிக்கொண்டிருக்கையில் இன்னொன்று அமுக்குகிறது, மற்றொன்று எரிந்த புகையைத் துரத்துகிறது. ஆதலால் தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் உந்துதல் தவறாமல் கிடைக்கிறது. ஒரே பிஸ்டன் உள்ள நான்கு வீச்சு யந்திரத்திலோ இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் கிடைக்கும். அவ்வுந்துதலும் பிஸ்டனில் அரைச் சுற்று நீடிப்பதற்கு இங்கே முக்கால் சுற்று நீடிக்கிறது. காற்று வரவும் புகை போகவும் சுவரிலேயே துவாரங்கள் இருக்கின்றன. முக்கோணம் தானே அவற்றைத் திறந்து மூடிக்கொள்வதால் வால்வு, கேம், அவற்றின் வில் என்ற பரிவாரம் முழுவதும் தேவையற்றுப் போகிறது. நிற்பது, திரும்புவது, அடித்துக்கொள்வது என்று எதுவுமே இல்லாத இந்த யந்திரத்தின் ஓட்டம் எவ்வளவு மிருதுவானது என்பதை, அதை ஓட்டியவர்கள் வர்ணிக்கும்போது அவர்கள் குரலிலேயே கேட்கலாம். மஸ்டாவின் ஆர்எக்ஸ்-8 காரில் சுற்றின் உச்சவரம்பு வந்துவிட்டதை அறிவிக்க ஓர் எச்சரிக்கை ஒலி வைத்திருந்தார்கள். அது இல்லாவிட்டால் ஓட்டுபவருக்கு அதிர்வினால் தெரிய வழியில்லை என்பதே காரணம்.

இனிச் சரித்திரம், சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1920-இல் ஹிரோஷிமாவில் கார்க் தக்கைகள் செய்யத் தொடங்கப்பட்ட கம்பெனி மஸ்டா. அடுத்த ஆண்டு தலைமைப் பொறுப்பேற்ற ஜுஜிரோ மட்ஸுடா அதை யந்திரத் தொழிலுக்குத் திருப்பினார். 1931-இல் முச்சக்கர வண்டி வெளிவந்தது. 1945-இல் அணுகுண்டு விழுந்தபோது நகருக்கும் தொழிற்சாலைக்கும் இடையே ஹிஜியாமா குன்று நின்றதால் கட்டிடங்கள் பெரும்பாலும் தப்பின. அவ்வாண்டு டிசம்பரிலேயே முச்சக்கர வண்டிகள் மறுபடி உருவாகத் தொடங்கின. சிறு கார் கம்பெனிகளைப் பெரியவற்றோடு இணைத்துவிட ஜப்பானிய அரசாங்கம் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், தனித்து நிற்க ஒரு காரணம் வேண்டுமென்று கருதிய ட்ஸுனெஜி மட்ஸுடா, வாங்கலின் யந்திரத்தை உருவாக்கிவந்த என்எஸ்யு என்ற ஜெர்மன் கம்பெனியோடு 1961-இல் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதே உரிமையை ஜெனரல் மோட்டார்ஸ் உள்ளிட்ட பெரிய நிறுவனங்களும் வாங்கின. ஒவ்வொன்றாய்க் கைவிடவும் செய்தன. என்எஸ்யு தன் ரோ 80 காரின் பழுதுகளுக்கு ஈடுகட்டியே தளர்ந்து 1969-இல் வோக்ஸ்வாகன் குடும்பத்தில் சேர்ந்தது. மஸ்டா மட்டும் விடவில்லை.

விடாததற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்பதை முனைச் சீலின் கதை சொல்லும். முக்கோணத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒரு மெல்லிய பட்டை பொருத்தப்பட்டிருக்கிறது. பிஸ்டன் வளையத்தின் வேலையை, அதாவது ஓர் அறையின் அழுத்தம் அடுத்த அறைக்குக் கசியாமல் காக்கும் வேலையை, இங்கே செய்வது இதுவே. பிஸ்டன் வளையம் சுவரை ஒரே வாகில் தழுவி நிற்கும். இந்தப் பட்டையோ ஒரு கோட்டளவே சுவரைத் தொட்டபடி, கணந்தோறும் சாய்கோணத்தை மாற்றிக்கொண்டு, இடுங்கிய இடையையும் அகன்ற வளைவையும் அசுர வேகத்தில் தடவிப் போகவேண்டும். ஆரம்பகால யந்திரங்களைப் பிரித்துப் பார்த்தபோது பளபளப்பாய் இருக்கவேண்டிய சுவரில் வரிசை வரிசையாகக் கீறல்கள் அலையோடிக் கிடந்தன. ஹிரோஷிமாவின் பொறியாளர்கள் அவற்றைச் சாத்தானின் நகக்குறிகள் என்று அழைத்தார்கள். 1963-இல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் கூடிய 47 பேர் கொண்ட குழு கண்டறிந்தது என்னவென்றால், பட்டை சுவரைத் தேய்க்கவில்லை, தன் இயல்பான அதிர்வெண்ணில் துடித்துத் துடித்துச் சுவரைக் கொத்துகிறது என்பதே. பட்டைக்குள் குறுக்கும் நெடுக்குமாய்த் துளையிட்டு அதன் அதிர்வெண்ணை மாற்றியபோது கீறல்கள் மறைந்தன. பின்னர் கரியில் அலுமினியத்தை ஊட்டிச் செய்த பட்டை வந்தது. அதோடு 1967 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் என்ற கார் விற்பனைக்கு வந்தது. இரண்டு முக்கோணங்கள், தலா 491 கன சென்டிமீட்டர், மொத்தம் 110 குதிரைசக்தி.

ஆட்டுக்கல்லுக்குக் கொத்து வேண்டும். இக்கூட்டுக்குக் கொத்தே சத்துரு. இந்த இடத்தில் நம் உவமை கவிழ்ந்துவிட்டது போல் தோன்றினாலும் அதை எளிதில் விட நமக்கு மனமில்லை. உளுந்து ஆட்டும்போது அடிக்கடி நீர் தெளிப்பதுபோல, முனைச் சீல் காயாமலிருக்க எரியறைக்குள்ளேயே எண்ணெயைச் சொட்டுச் சொட்டாய் விடுகிறார்கள். அது பெட்ரோலோடு எரிந்தும் போகிறது. குழவி எட்டாத மூலையில் சில பருப்புகள் முழுசாய்த் தங்குவதுபோல, நீண்டு மெலிந்த எரியறையின் பின்மூலையைத் தீ எட்டுவதற்குள் முக்கோணம் நகர்ந்துவிடுவதால் அங்கே கொஞ்சம் பெட்ரோல் எரியாமலே வெளியேறுகிறது. இதற்காகவே ஒவ்வொரு கூட்டுக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக் வைக்கிறார்கள். இதற்குமேல் ஆட்டினால் மாவு புளித்துவிடும்.

ஆனால் உண்மைக் குறை அந்த மூலையில்தான் இருக்கிறது. எரியறை பந்தைப்போல் திரண்டிருந்தால் உஷ்ணத்தை இழக்கும் சுவர் குறைவு. தட்டையாய் நீண்டிருந்தால் அதிகம். சுழல் யந்திரத்தின் அறை நீண்டே இருக்கும். அதன் கணிதம் வேறு உருவத்தை அனுமதிக்காது. பெட்ரோலில் பிறக்கும் உஷ்ணத்தின் கணிசமான பங்கு தண்டைத் தள்ளாமல் சுவருக்குப் போய்ச் சேர்கிறது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது, மிருதுவான ஓட்டத்துக்காக இக்கார்களை வாங்கிய அமெரிக்கர்கள் பம்பில் பில்லைப் பார்த்து விலகினார்கள்; கம்பெனியை வங்கி கைகொடுத்துக் காப்பாற்ற நேர்ந்தது. 1978-இல் வந்த ஆர்எக்ஸ்-7 மானத்தை மீட்டது. 1991-இல் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் நான்கு முக்கோணங்கள் கொண்ட 787பி கார் 362 சுற்றுகள் ஓடி வென்றது. ஜப்பானியக் கார் ஒன்று அங்கே வென்றது அதுவே முதல் தடவை. வெற்றியைப் பொறுக்காமல் மறுவருஷமே சுழல் யந்திரத்தைத் தடைசெய்துவிட்டார்கள் என்று ரசிகர்கள் இன்றும் மனம் கசந்து சொல்வதுண்டு; ஆனால் 3.5 லிட்டர் பிஸ்டன் யந்திரங்களுக்கு மாறும் விதி அப்பந்தயத்துக்கு முன்பே தீர்மானமாகியிருந்தது என்பதே உண்மை.

இக்கார்களை வைத்திருப்பவர்களின் அபிப்பிராயம் விளம்பரத்தைவிடவும் விமரிசகர்களைவிடவும் நியாயமானது. அவர்களிடம் ஒரு சிறு தர்மசாஸ்திரமே உண்டு. பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய்க் குச்சியை உருவிப் பார். எண்ணெய் குறைவது கோளாறு அல்ல, அமைப்பு. குளிர்ந்த யந்திரத்தைக் கிளப்பி, காரைப் பத்தடி நகர்த்தி, உடனே அணைக்காதே. எரியாத பெட்ரோல் பிளக்கை நனைத்து, சீலின் எண்ணெய்ப் படலத்தையும் கழுவிவிடும், அடுத்த முறை வண்டி கிளம்பாது. நாளுக்கு ஒரு முறையாவது உச்சச் சுற்றுவரை ஓட்டு; கரி படியாது. சூடான யந்திரம் மறுபடி கிளம்ப அடம்பிடித்தால் சீல் தேய்ந்துவிட்டதென்று அறி. பழைய கார் வாங்கப் போகிறவர் அழுத்தத்தைச் சோதிக்கும்போது சாதாரண மானியை நம்பக்கூடாது. அது மூன்று முகங்களில் உச்சமானதை மட்டும் காட்டி ஏமாற்றும். இதற்கென்றுள்ள கருவி ஒவ்வொரு முக்கோணத்துக்கும் மூன்று எண்களைத் தரும். இரண்டு முக்கோணத்துக்கு ஆறு. ஆறும் ஏறக்குறைய ஒத்திருந்தால் பணத்தை எடுக்கலாம், ஒன்று மட்டும் சரிந்திருந்தால் யந்திரம் முழுவதையும் பிரித்துக் கட்டும் செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ஆர்எக்ஸ்-8 விஷயத்தில் கம்பெனியே அமெரிக்காவில் யந்திரத்தின் உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1,00,000 மைல் என நீட்டியது. குறை கூறியவர்கள் கற்பனையில் கூறவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இவ்வளவும் தெரிந்தே மீண்டும் மீண்டும் அதே காரை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்ல முடியாது.

இனி, முதலில் சொன்ன எம்எக்ஸ்-30-க்கு வருவோம். அதில் 830 கன சென்டிமீட்டர் கொண்ட ஒற்றை முக்கோணம் சக்கரங்களைத் தொடுவதே இல்லை, 17.8 கிலோவாட் மணி பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டுவதோடு அதன் கடமை முடிகிறது. பாட்டரி மட்டும் சுமார் 85 கிலோமீட்டர் கொண்டுபோகும். அதற்குமேல் இது துணை. முனைச் சீலின் தடிப்பை 2 மில்லிமீட்டரிலிருந்து 2.5 ஆக்கியிருக்கிறார்கள்; பெட்ரோலை நேரே எரியறைக்குள் பீய்ச்சுகிறார்கள். இவை நல்ல திருத்தங்களே. ஆயினும் இந்த யந்திரத்தைத் தேர்ந்ததற்குச் சிறிய இடத்தில் அடங்குவதும், அதிராமல் ஓடுவதுமே தக்க காரணங்கள். சிக்கனத்தை யாரேனும் காரணமாகக் காட்டினால், அந்த நீண்ட தட்டை அறை எங்கே போயிற்று என்று கேட்கவேண்டும்.

நியாயமாக, மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். சுழல் யந்திரக் கூட்டின் ஒரு பாதி எப்போதும் குளிர்ந்த கலவையையே காண்கிறது, மறுபாதி எப்போதும் நெருப்பையே காண்கிறது. இதனால் கூடு ஏற்றத்தாழ்வாய் விரிவது பெட்ரோலுக்குத் தொல்லை. ஆனால் சிறிது சூடான பரப்பைக் கண்டாலே அகாலத்தில் பற்றிக்கொள்ளும் ஹைட்ரஜனுக்கு, தீயிலிருந்து விலகிய அந்தக் குளிர்ந்த நுழைவறை வரப்பிரசாதம். மஸ்டா 2006-இல் ஹைட்ரஜனில் ஓடும் ஆர்எக்ஸ்-8 கார்களைச் சில ஸ்தாபனங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தும் பார்த்தது. ஆக, வடிவத்தின் குற்றமே எரிபொருள் மாறினால் குணமாகும் என்பது மெய். ஹைட்ரஜன் நிரப்பும் பம்பு தெருமுனையில் வராதவரை அந்தக் குணத்தால் வாங்குபவருக்கு ஒரு காசு லாபமில்லை என்பதும் மெய்.