அப்பாவின் பத்திரத்தைத் தேடிய கதை

நான் பத்தாம் வகுப்புத் தேறாமல் ரங்கூனில் தையல் ஆலைக்குப் போனவன். 2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு ஊரை விட்டு வந்தோம். இங்கேயும் ஆலை வேலைதான். கம்ப்யூட்டர் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். இரண்டு இரவு தூங்காமல் ஒரு பைலைத் தேடியவன் என்ற தகுதி மட்டும் உண்டு.

அம்மாவை இங்கே அழைக்க விண்ணப்பித்தோம். கல்யாணப் பத்திரத்தில் அப்பாவுக்குத் தமிழ்ப் பெயர், அடையாள அட்டையில் பர்மியப் பெயர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று காட்டச் சொன்னார்கள். அதற்கான சத்தியப் பத்திரத்தை 2014இல் பன்சோடான் தெருவில் (நம் பெரியவர்களுக்கு அது பேயர் தெரு) ஒரு டைப் அடிக்கும் கடையில் எழுதி வாங்கியிருந்தோம். கையெழுத்திட்ட தாள் வீட்டோடு போய்விட்டது. ஆனால் கடைக்காரர் டைப் செய்த பைலையும் ஸ்கேன் எடுத்ததையும் பென் டிரைவில் கொடுத்திருந்தார். அதைத் தம்பி பழைய லேப்டாப்பில் போட்டு வைத்தது நினைவிருந்தது.

தேடும் பெட்டியில் அப்பாவின் பர்மியப் பெயரை அடித்தேன். ஒன்றும் இல்லை என்றது. தமிழிலும் அடித்தேன். அதுவும் இல்லை. அம்மாவுக்குப் போன் செய்து, பத்திரம் தொலைந்தது என்றே சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை.

பைல் இருந்தது. எழுத்துதான் வேறு. அந்தக் காலத்தில் ரங்கூனில் பெரும்பாலோர் பாவித்தது ஸாஜி எழுத்துரு. இப்போது போனிலும் கம்ப்யூட்டரிலும் வருவது யூனிகோடு. 2019 அக்டோபர் 1ஐ அதற்கு மாறும் நாளாக பர்மா அரசு அறிவித்தது. திரையில் இரண்டும் ஒன்று போலத் தெரியும். உள்ளே சேமிக்கும் விதம் வேறு. நம் 'கே'யில் கொம்பு முன்னால் நிற்கிறது அல்லவா, பர்மிய எழுத்திலும் அப்படி ஒரு குறி உண்டு. ஸாஜியில் அந்தக் குறி முதலில் பதியும், யூனிகோடில் எழுத்துக்குப் பிறகு பதியும். கம்ப்யூட்டர் கண்ணால் படிப்பதில்லை, பதிந்த வரிசையைத்தான் பார்க்கிறது. ஆகவே இல்லை என்று சொல்லிவிடும்.

பர்மா ஆட்களுக்கு மட்டும் வந்த சங்கடம் என்று நினைக்காதீர்கள். இலங்கையிலிருந்து வந்த குடும்பங்களிடம் பாமினி எழுத்தில் அடித்த கடிதங்கள் ஏராளம் இருக்கும். பாமினியில் 'அம்மா' என்று அடித்தால் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகள்: எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடி கே, எச். இன்றைய தமிழ் விசைப்பலகையில் அம்மாவைத் தேடினால் அந்தக் கடிதம் எப்படி வரும்? ஸ்கேன் எடுத்ததோ வெறும் படம். அதற்குள் இருக்கும் பெயர் சாதாரணத் தேடலில் அகப்படாது.

ஆலையில் கூட வேலை செய்யும் ஓர் அண்ணன் சொன்ன வழி இது. பெயரை விடு, பைலின் வகையையும் வருடத்தையும் பிடி என்றார். விண்டோஸில் போல்டரைத் திறந்து, மேலே வலப்பக்கப் பெட்டியில் நட்சத்திரக் குறி, புள்ளி, பிறகு டி, ஓ, சி என்று ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். வேர்ட் பைல்கள் வரிசையாக வரும். படத்துக்கு ஜே, பி, ஜி. பிறகு 'டேட் மாடிஃபைட்' என்பதை அழுத்தினால் தேதிப்படி அடுக்கும். 'கிரியேட்டட்' தேதியை நம்ப வேண்டாம், கொப்பி செய்த நாளை அது காட்டிவிடும். எவ்ரிதிங் என்ற இலவச புரோகிராம் இதையே கண் இமைப்பதற்குள் செய்கிறது. ஆனால் அது பார்ப்பது பைலின் பெயரைத்தான், உள்ளே எழுதியிருப்பதை அல்ல. ஆப்பிள் கம்ப்யூட்டரில் கமாண்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தினால் தேடும் பெட்டி வரும்.

2014க்குப் பதினொரு வேர்ட் பைல்கள் வந்தன. ஏழாவதைத் திறந்தேன். எழுத்தெல்லாம் குழம்பிக் கிடந்தது, ஆனால் அடையாள அட்டை எண் அப்பாவுடையது. பைலின் பெயர் 'நியூ டாகுமெண்ட் 3'. இப்படிப் பெயர் வைத்த தம்பியை என்ன சொல்வது! அதே போல்டரில், பக்கத்திலேயே ஸ்கேன் இருந்தது, அப்பாவின் கையெழுத்தோடு.

இப்போது வீட்டில் எந்தத் தாள் வந்தாலும் ஸ்கேன் எடுத்து, முதலில் வருடம், மாதம், தேதி, பிறகு கடவுச்சீட்டில் உள்ளபடி ஆளின் பெயர், பிறகு என்ன பத்திரம் என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைக்கிறேன். தமிழில் வைக்க ஆசைதான். ஆனால் 'ஸ்ரீ' ஒன்றையே யூனிகோடில் இரண்டு விதமாகப் பதியலாம். அதிலும் மாட்டிக்கொள்ள எனக்குத் தெம்பில்லை. நூலகத்துக் கம்ப்யூட்டரில் வேலை செய்பவர்கள் எழுந்து வரும்போது பைல்களை அழித்துவிட்டு வாருங்கள்.

அம்மாவின் விண்ணப்பத்தோடு பத்திரத்தை அனுப்பிவிட்டோம். பதில் இன்னும் வரவில்லை.