வைக்கோல் ஏற்றிய டிராக்டரா? வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள்!

கும்பப்பூ அறுவடை முடிந்ததும் நாஞ்சில் நாட்டு வயல்களிலிருந்து நெல்லும் வைக்கோலும் டிராக்டரில் வெளியேறும். அனந்தனார் கால்வாய், தோவாளைக் கால்வாய்ப் பகுதிகளில் கரைப் பாதைகள் பலவும் குறுகலானவை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தாழ்ந்த வயல். கரையிலிருந்து பாலத்துக்குத் திரும்பும் இடத்தில்தான் வண்டி கவிழும் ஆபத்து அதிகம்.

வேகம் இரு மடங்கு. விசை நான்கு மடங்கு

வண்டி திரும்பும்போது அதை வெளிப்பக்கமாகச் சாய்க்கும் விசை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால், ஒரு டன் எடையை அந்த விசை சுமார் 80 கிலோ அளவுக்கு வெளியே தள்ளும். 20 கி.மீ. வேகத்தில் அது 315 கிலோ, 30 கி.மீ. வேகத்தில் 700 கிலோவுக்கும் மேல்.

பாரத்தின் உயரமும் முக்கியம். டிரெய்லர் சக்கரங்களுக்கு இடையே 1.6 மீட்டர் அகலமும், பாரத்தோடு சேர்ந்த எடை மையம் 1.8 மீட்டர் உயரத்திலும் இருந்தால், இதே வளைவில் சமதளத்திலேயே சுமார் 24 கி.மீ. வேகத்தில் டிரெய்லர் கவிழும். ஆரம் 5 மீட்டராகக் குறைந்தால் 17 கி.மீ. போதும். பாதை வெளிப்பக்கம் சரிந்திருந்தால் அதற்கும் முன்பே கவிழும். எனவே கரைப் பாதைத் திருப்பங்களில் நடக்கும் வேகமே பாதுகாப்பு.

செய்ய வேண்டியவை

* வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தையும் கியரையும் குறையுங்கள். வளைவின் நடுவே திடீரென பிரேக் போட்டால் பின்னால் வரும் டிரெய்லர் டிராக்டரைத் தள்ளித் திருப்பிவிடும்.
* இறக்கத்தில் கிளட்சை மிதித்தோ, நியூட்ரலிலோ போகாதீர்கள்.
* வயலில் தனித்தனியாகப் பயன்படுத்திய இடது, வலது பிரேக் பெடல்களைச் சாலைக்கு வரும்போது கொக்கியால் இணைத்துவிடுங்கள். இணைக்காமல் ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சட்டென இழுத்துத் திரும்பும்.
* வைக்கோலை உயரமாக அடுக்காமல் இரண்டு நடையாகக் கொண்டு போங்கள்.
* கால்வாய் எவ்வளவு ஆழமோ, குறைந்தது அவ்வளவு தூரமாவது விளிம்பிலிருந்து சக்கரம் தள்ளி இருக்கட்டும். ஈரக் கரை பாரம் தாங்காது.
* மட்கார்டிலும் பாரத்தின் மேலும் யாரையும் ஏற்றாதீர்கள். குழந்தைகளை ஒருபோதும் ஏற்றாதீர்கள்.

சாயத் தொடங்கிய டிராக்டர் ஓரிரு விநாடிகளில் கவிழ்ந்துவிடும். குதித்துத் தப்ப நேரம் இருக்காது. சுவீடனில் 1959 முதல் புதிய டிராக்டர்களில், கவிழ்ந்தாலும் ஓட்டுநர் நசுங்காமல் காக்கும் இரும்புச் சட்டகம் கட்டாயமாக்கப்பட்டது. அதன் பிறகு இத்தகைய இறப்புகள் அங்கே வெகுவாகக் குறைந்தன. புதிய டிராக்டர் வாங்குவோர் இந்தச் சட்டகத்தையும் சீட் பெல்ட்டையும் கேட்டு வாங்குங்கள். சட்டகம் இருந்தால் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் ஓட்டுநர் வெளியே விழுந்து வண்டிக்கடியில் சிக்கக்கூடும்.

வைக்கோல் அரை மணி நேரம் தாமதமாக வீடு சேர்ந்தால் நட்டம் ஏதுமில்லை. ஓட்டுகிறவர் வீடு சேர வேண்டும்.