குரு கிரந்த சாகிபு: தொகை நூல் குருவான முறை

சமய நூல்களைப் போற்றும் வழக்கம் எந்நாட்டிலும் உண்டு. ஆயினும், ஒரு நூலையே குருவாகக் கொண்டு, அதன் திருமுன் தலைவணங்கி, நாள்தோறும் அதன் சொல்லைக் கட்டளையாகக் கேட்டு ஒழுகும் சீக்கியரைப் போன்றோரைக் காண்டல் அரிது. இவ்வழக்கத்தை நோக்கிய சிலர், உருவ வழிபாட்டை மறுத்த சமயத்தார் உருவம் இருந்த இடத்தில் ஏட்டை அமர்த்திக்கொண்டனர் என்பர். இக்கூற்றுப் பொருந்துமா? நூலின் அமைப்பையும், சீக்கியர்தம் சடங்குகளிலும் விழாக்களிலும் அது பெறும் இடத்தையும் ஒருங்கு வைத்து நோக்கினாலன்றி இதற்கு விடை காண இயலாது.

சீக்கிய நெறியைத் தோற்றுவித்தவர் குரு நானக் (1469-1539). அவர்க்குப் பின் ஒன்பதின்மர் குருவாக விளங்கினர். ஐந்தாம் குருவாகிய அர்ஜன், முன்னோர் பாடல்களையும் தம் பாடல்களையும் அமிர்தசரசில் தொகுத்தார். அவர் சொல்ல ஏட்டில் எழுதியவர் பாய் குர்தாசு என்னும் புலவர். 1604ஆம் ஆண்டில் அந்நூல் அரிமந்திர் சாகிபில் நிலைபெற்றது. அதனை ஓதும் பொறுப்பைப் பாபா புட்டா என்னும் பெரியவர் ஏற்றார். குருமார் பெயரால் பிறர் புனைந்த பாடல்கள் வழங்கத் தொடங்கியமையே தொகுப்பிற்குக் காரணம் என்று சீக்கிய மரபு கூறும். எனவே, மெய்ப்பாடலைப் போலிப் பாடலினின்று பிரித்துக் காத்தல் இந்நூலின் பிறப்பிலேயே அமைந்த நோக்கம் என்க.

இந்நோக்கம் நூலின் அமைப்பில் தெளிவாகப் புலப்படுகிறது. பாடல் இயற்றிய குருமார் அனைவரும் தத்தம் பெயரைப் பொறியாது ‘நானக்’ என்னும் பெயரையே முத்திரையாகப் பொறித்தனர். உடல் வேறாயினும் குருவின் ஒளி ஒன்றே என்னும் கொள்கை இதற்கு அடிப்படை. ஆயின், பாடினோர் இன்னார் என்பது மறைந்துபோகாதவாறு, தலைப்பில் ‘மகலா’ என்னும் சொல்லோடு குருவின் வரிசையெண் குறிக்கப்பட்டது. மகலா 1 எனின் நானக்; மகலா 3 எனின் அமர்தாசர்; மகலா 5 எனின் அர்ஜன். பாட்டினுள் பெயர் ஒன்றாக, தலைப்பில் எண் வேறாக அமைந்த இம்முறை, கொள்கைக்கும் ஆராய்ச்சிக்கும் ஒருசேர இடம் தருகின்றது.

நூலின் பெரும்பகுதி இராக முறையால் வகுக்கப்பட்டது. சிறீ ராகம் முதலாக 31 இராகங்கள் வரிசையாக நிற்கின்றன. தேவாரத்தின் பண்முறையை அறிந்த நமக்கு இதன் பயனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் இராகத்தினுள்ளும் பாவகை பற்றிய ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு வகையிலும் நானக் பாடல்கள் முன்னிற்க, ஏனைய குருமார் பாடல்கள் முறையே தொடரும். பாட்டின் இறுதியில் கண்ணிகளின் எண்ணும் பாடல்களின் தொகையும் குறிக்கப்பட்டுள்ளன. ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் கணக்குப் பிழைபடும். இடைச்செருகலுக்கு இவ்வெண்கள் வேலியாயின.

குருமார் அல்லாத அருளாளர் பாடல்களும் இத்தொகையில் இடம்பெற்றமை பெரிதும் எண்ணத்தக்கது. பகத்துகள் எனப்படும் பதினைவரின் பாக்கள் இதனுள் உள்ளன. நெசவாளர் கபீர், தோல்தொழிலாளர் இரவிதாசர், மராட்டிய நாட்டுத் தையற்காரர் நாமதேவர், முசுலிம் சூபி அடியார் சேக் பரீது ஆகியோர் அவருட் சிலர். பிறப்பால் தாழ்ந்தோர் எனக் கோயில் வாயிலில் தடுக்கப்பட்டோரின் சொல், எல்லாரும் தலைவணங்கும் நூலினுள் குருவின் சொல்லோடு ஒக்க அமர்ந்தது. இது வெறும் சேர்ப்பு அன்று. பரீதின் பெயரால் அமைந்த பகுதியில் எண்ணிடப்பெற்ற சுலோகங்கள் 130; அவற்றுள் 18 குருமார் இயற்றியவை. பரீதின் கருத்தை விளக்க வேண்டிய இடத்தும், அதனினும் வேறுபட்டுக் கூற வேண்டிய இடத்தும், குருமார் தம் பாவை அதன் அருகிலேயே வைத்தனர். பழம்பாடலைத் திருத்தவில்லை, நீக்கவுமில்லை. மறுமொழியைப் பக்கத்தில் வைத்தமை பதிப்பு நெறியாகவும் அறநெறியாகவும் விளங்குகின்றது.

நூலைத் தொகுத்த குரு அர்ஜன் 1606ஆம் ஆண்டு சகாங்கீர் ஆட்சியில் இலாகூரில் உயிர்துறந்தார். ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1675இல் தில்லியில் கொல்லப்பட்டார். அவர்தம் பாடல்களைச் சேர்த்து நூலை நிறைவு செய்தவர் அவர் மைந்தரும் பத்தாம் குருவுமாகிய கோவிந்த் சிங். தேக் பகதூரின் பாடல்களை மட்டுமே உடைய ஜைஜாவந்தி 31ஆம் இராகமாக ஈற்றில் நிற்றல் இச்சேர்க்கைக்குச் சான்று. கோவிந்த் சிங் பெயரால் வழங்கும் தசம கிரந்தமோ தனிநூலாக நிற்கின்றதேயன்றிக் குருவாகக் கொள்ளப்படவில்லை. 1708ஆம் ஆண்டு நாந்தேடில் தம் இறுதிக் காலத்தில், தமக்குப் பின் மனித குரு இல்லை, கிரந்தமே குரு என்று அவர் அறிவித்ததாகச் சீக்கியர் போற்றுவர். தொகுப்பு முறையால் ஏற்கெனவே காவல் பெற்றிருந்தமையின், அந்நூல் இப்பொறுப்பைத் தாங்கவல்லதாயிற்று.

இனி, வழக்கத்தைக் காண்போம். குருத்துவாராவில் விடியற்காலையில் நூல் விரிக்கப்படும். இதற்குப் பிரகாசு என்று பெயர். இரவில் மூடித் தனியிடத்தில் வைத்தலைச் சுகாசன் என்பர். நூலின்மேல் விதானம் கட்டிச் சாமரை வீசுவர். ஏட்டின் பக்கத்தை ‘அங்’ என்பர். உறுப்பு என்பது அதன் பொருள். இன்றைய அச்சுப் படிகள் 1430 அங் உடையனவாக ஒரே அமைப்பில் வருகின்றன. நூலை இயல்பாகத் திறந்து, கண்ணிற்பட்ட பாட்டை ஓதி, அதனையே அன்றைய கட்டளையாகக் கொள்வர். குழந்தைக்குப் பெயரிடும்போது அவ்வாறு கிடைத்த பாட்டின் முதலெழுத்தே பெயரின் முதலெழுத்தாகும். திருமணத்தில் மணமக்கள் நூலை நான்குமுறை வலம் வருவர். ஒவ்வொரு முறையும் நான்காம் குரு இராமதாசர் இயற்றிய பாடலின் ஒரு பகுதி ஓதப்படும்.

விழாக்களின் நடுநாயகமும் ஓதுதலே. வடநாட்டார் கார்த்திக மாதத்து முழுநிலா நாளில் நானக் பிறந்தநாளைக் கொண்டாடுவர். அதற்கு முன்னரே, ஓதுவார் ஒருவர் மாற்றி ஒருவராக அமர்ந்து, முழுநூலையும் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் இடையறாது ஓதி முடிப்பர். இஃது அகண்ட பாடம் எனப்படும். பஞ்ச பியாரே என்னும் ஐவர் முன்செல்ல, நூலைத் தாங்கிய ஊர்தி வீதிவலம் வரும். குரு அர்ஜன் உயிர்துறந்த நினைவுநாள் கடுங்கோடையில் வருவது. அன்று வழிச்செல்வோர்க்கெல்லாம் இனிய குளிர்நீர் வழங்குவர். எவ்விழாவிலும் இலங்கர் என்னும் பொதுச் சமையற்கூடத்தில் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்பர். பலகுலத்தோர் பாடல் ஒரு நூலுள் அமர்ந்த முறையே, பலகுலத்தோர் ஒரு பந்தியில் அமரும் முறையாக வெளிப்படுகின்றது.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு இப்போது விடை கூறலாம். சடங்கு ஒவ்வொன்றும் ஓதலில் தொடங்கி ஓதலில் முடிகின்றது. 1945இல் ஏற்கப்பட்ட சீக்கிய ஒழுக்க விதிநூல், நூலின்முன் விளக்கும் நறும்புகையும் கொண்டு ஆரத்தி எடுத்தலையும் உணவு படைத்தலையும் விலக்குகின்றது. 2000ஆம் ஆண்டில் இந்திய உச்ச நீதிமன்றம், குருத்துவாரா நிலம் பற்றிய வழக்கொன்றில், குரு கிரந்த சாகிபு சட்டத்தின் கண்ணில் உரிமையுடைய ஓர் ஆள் என்று தீர்ப்பளித்தது. அதனை உருவத்தோடு ஒப்பிடலாகாது என்றும் தெளிவுறுத்தியது. மேலும், ஈற்றிலுள்ள இராகமாலை என்னும் பகுதி மூலநூலைச் சார்ந்ததா என்பது பற்றிச் சீக்கியரிடையே கருத்து வேற்றுமை உண்டு. அதனை ஓதி முடித்தலையும், அதற்கு முந்திய முந்தாவணியோடு முடித்தலையும் அவ்விதிநூல் அவ்வவ்விடத்து வழக்கிற்கு விட்டுள்ளது. வெறும் வழிபடுபொருளாயின் இத்தகைய பாட ஆராய்ச்சிக்கு இடமே இராது.

சீக்கியர் என்னும் பெயர்க்கு மூலமான ‘சிக்கு’ என்னும் சொல் மாணாக்கர் எனப் பொருள்படும். மாணாக்கர்க்கு ஆசிரியனிடத்து உரிய கடமை கேட்டலே. ஆகவே, சீக்கியர் குரு கிரந்த சாகிபிற்குச் செய்யும் சிறப்பெல்லாம் ஏட்டிற்குச் செய்வதன்று. ஏட்டின் வாயிலாக இன்றும் பேசும் ஆசிரியனுக்குச் செய்வதே என்று கொள்வது பொருந்தும்.