கழுகு முத்திரையும் இரண்டு சட்டங்களும்

அமெரிக்க அதிபர் உரையாற்றும் மேடையின் முகப்பை அணிசெய்யும் கழுகு முத்திரை, 1782இல் ஏற்கப்பட்ட அந்நாட்டுப் பெருமுத்திரையின் வழிவந்தது என்றாலும், அதன் இன்றைய வடிவம் அன்றைய அதிபர் ஹாரி ட்ரூமன் 1945 அக்டோபர் 25 அன்று பிறப்பித்த நிர்வாக ஆணையால் அமைந்ததாகும். அதற்கு முன் அதிபரின் கொடியில் மூலைக்கு ஒன்றாக நான்கு நட்சத்திரங்களே இருந்தன. 1944இல் ஐந்து நட்சத்திரத் தளபதிப் பதவி உருவாக்கப்பட்டதும், படைகளுக்கெல்லாம் தலைவரான அதிபருக்குத் தம் கீழுள்ள தளபதியைவிட ஒரு நட்சத்திரம் குறைவு என்னும் வேடிக்கையான நிலை நேர்ந்தது. கொடியைத் திருத்தப் புகுந்தவர்கள் முத்திரையையும் விட்டுவைக்கவில்லை. அம்புகளைப் பற்றிய இடக்காலின் பக்கம் நோக்கியிருந்த கழுகின் தலை, சின்னவியல் மரபில் மதிப்புக்குரியதாகிய வலப்பக்கம், அதாவது ஒலிவக் கிளையின் பக்கம் திருப்பப்பட்டது; போர் முடிந்த ஆண்டாதலால் அது அமைதி வேட்கையின் அடையாளமாகவும் விளக்கப்பட்டது.

இந்த ஓவியம் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால், பதிப்புரிமைச் சட்டம் தரும் விடை எளியது. அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, கூட்டாட்சி அரசின் அலுவலர் தம் பணிக்கடமையின் பகுதியாக உருவாக்கிய எந்தப் படைப்புக்கும் அந்நாட்டில் பதிப்புரிமை கிடையாது என்கிறது; பாரதியார் படைப்புகளைப் போல ஒருவரிடமிருந்து வாங்கி நாட்டுடைமையாக்க வேண்டிய தேவையே இன்றி, அவை பிறக்கும்போதே பொதுச்சொத்தாகின்றன. ஆயினும் அரசு ஒப்பந்தத்தின்பேரில் வெளியார் ஆக்கியவை இவ்விதியில் தாமாக அடங்குவதில்லை. அவ்வாறே, முத்திரையைப் பார்த்துத் தனி ஓவியர் ஒருவர் தம் கற்பனையைச் சேர்த்துப் புதிதாக வரைந்தால், அவர் சேர்த்த புதுமைக்கு அவர் உரிமை கோர இடமுண்டு. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டமோ, அரசின் படைப்புக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுக்காலப் பதிப்புரிமையை அளித்துவிட்டு, சட்டங்கள், அரசிதழ், தீர்ப்புகள் போன்றவற்றை மறுபதிப்பிட மட்டும் தனிச் சலுகை தருகிறது.

பதிப்புரிமை இல்லாததனாலேயே அதிபரின் முத்திரையை எவரும் எதிலும் பொறித்துக்கொள்ளலாம் என்று முடிவுகட்டுவதே பலர் செய்யும் பிழை. பதிப்புரிமை, படைத்தவர் யார் என்று கேட்கிறது. அமெரிக்கக் குற்றவியல் சட்டத் தொகுப்பின் 713ஆம் பிரிவோ, பார்ப்பவர் என்ன நினைப்பார் என்று கேட்கிறது. அரசின் ஆதரவோ ஒப்புதலோ இருப்பதாகப் பொய்த்தோற்றம் தரும் வகையில் முத்திரையைக் காட்டுவோருக்கு அப்பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். அதிபர் முத்திரையின் உருவை உரிய அனுமதியின்றித் தயாரிப்பதும் விற்பதும்கூடக் குற்றமே. எவையெவை அனுமதிக்குரியவை என்பதை 1972இல் அதிபர் நிக்சன் பிறப்பித்த ஆணை வரையறுக்கிறது. முத்திரையின் வரலாற்றை விளக்கும் நூல்களும் இதழ்களும் அதில் அடக்கம் என்பது இதழாளருக்கு ஆறுதல்.

நையாண்டிக்கு அத்தகைய தெளிவு இல்லை. 2005இல் 'தி ஆனியன்' என்னும் நையாண்டி இதழ், அதிபரின் வார வானொலி உரையைப் பகடிசெய்த பக்கத்தில் முத்திரையைப் பயன்படுத்தியபோது, அதை நிறுத்தும்படி வெள்ளை மாளிகையின் சட்ட ஆலோசகர் அலுவலகம் கடிதம் எழுதியது. இதழ்த் தரப்போ, இப்பகடிக்கு அதிபரின் ஒப்புதல் இருக்கும் என்று எவரும் எண்ணவே முடியாது என்று வாதிட்டது.