ஒயினை ஏன் குடுவைக்கு மாற்றுகிறார்கள்? எந்த கிளாஸில் ஊற்றுவது?

பாட்டிலில் இருக்கும் ஒயினை நேராக கிளாஸில் ஊற்றாமல், அடி அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றிப் பரிமாறுகிறார்களே, அது வெறும் பந்தாவா? பாதி பந்தாதான். மீதிப் பாதியில் விஷயம் இருக்கு.

அந்தக் குடுவைதான் டிகான்டர். அதன் பழைய வேலை ரொம்ப சிம்பிள், வண்டலைப் பிரிப்பது. பிரான்ஸின் போர்தோ சிவப்பு ஒயினோ, போர்ச்சுகலின் வின்டேஜ் போர்ட்டோ பல வருஷம் பாட்டிலில் கிடந்தால், நிறமிகளும் துவர்ப்பு தரும் டேனின்களும் சேர்ந்து அடியில் படியும். குடித்தால் ஆபத்தில்லை, ஆனால் வாயில் காபித்தூள் மாதிரி நறநறக்கும். அதனால் முதல் நாளே பாட்டிலை நிமிர்த்தி வைத்து, மறுநாள் அதன் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவத்தியோ போன் டார்ச்சோ வைத்து, நிதானமாக ஊற்றுவார்கள். வண்டல் கழுத்தை எட்டியதும் நிறுத்திவிட வேண்டும். ரசத்தை மண்டி கலங்காமல் தெளிவாக இறுக்கும் அதே கைப்பக்குவம்தான்.

இரண்டாவது வேலை, காற்று. இத்தாலியின் பரோலோ போன்ற துவர்ப்பான ஒயின் இளசாக இருக்கும்போது, காற்று பட்டால் மணம் விரியும், லேசான கந்தக வாடை விலகும். கார்க்கை மட்டும் திறந்து வைப்பதில் பெரிய பலனில்லை. குறுகிய கழுத்து வழியாக எவ்வளவு காற்றுதான் படும்?

ஆனால் 30, 40 வருஷ ஒயினிடம் இந்த விளையாட்டு வேண்டாம். மிச்சமிருக்கும் மென்மையான மணம் சீக்கிரமே பறந்துவிடும். வண்டல் இருந்தால் மட்டும், அதுவும் பரிமாறுவதற்குச் சற்று முன்னால் மாற்றினால் போதும் என்றார் போர்தோவின் ஒயின் விஞ்ஞானி எமில் பேனோ.

சரி, கிளாஸ்? நாக்கின் நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்ற ‘நாக்கு வரைபட’த்தைக் காட்டி ஒவ்வொரு ஒயினுக்கும் தனி கிளாஸ் என்று பேசிய காலம் உண்டு. அந்த வரைபடமே தப்பு. நாக்கு முழுக்க எல்லாச் சுவையும் தெரியும். வடிவம் உதவுவது மூக்குக்கு. வயிறு பெருத்து வாய் குறுகிய டியூலிப் கிளாஸில் மணம் தங்கும். 1977-ல் ஐஎஸ்ஓ வகுத்த ருசிபார்க்கும் கிளாஸும் இந்த வடிவம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றாதீர்கள். கை சூடு ஏறாமலிருக்க காம்பைப் பிடியுங்கள். வீட்டுக்கு இந்த ஒரு செட் போதும், ஷாம்பெயினுக்கும் சேர்த்து.

கனமான பழைய கிரிஸ்டல் டிகான்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் கவனம். அதில் ஈயம் இருக்கலாம். மாதக்கணக்கில் வைத்த போர்ட்டில் ஈயம் பல மடங்கு ஏறியதை 1991-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஊற்றினால் அன்றைக்கே காலி செய்துவிடுங்கள். மிச்சத்தை அதிலேயே மூடி வைக்க வேண்டாம்.