சத்தம் சொல்லும் சேதி

அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு நாளாந்தம் தனது சிறிய காரில் சென்று கற்பித்து வரும் ஆசிரியை ஒருவர் எனது தோழி. வயதில் மூத்தவர் என்பதால் ராத்தா என்றே அழைப்பேன். அண்மையில் கல்முனையில் நடைபெற்ற கூட்டமொன்றுக்கு அவருடன் செல்ல நேர்ந்தது. நிந்தவூரில் ஆடு ஒன்று குறுக்கே வர, ராத்தா பிறேக்கை மிதித்தார். முன் சில்லிலிருந்து இரும்பை அரத்தால் ராவுவது போன்ற சத்தம் எழுந்தது.

"என்ன ராத்தா இந்தச் சத்தம்?"

"ஒரு மாசமா வருது தங்கச்சி. முதல்ல கீச் கீச்செண்டு கேட்டிச்சு. கராஜில காட்டினன். பேட் இன்னும் இருக்கு, மண் தூசிதான், ஓட ஓடச் சரியாகும் எண்டாங்க."

பின் ஆசனத்தில் அவரது இரு பிள்ளைகளும் இருந்தார்கள். எனக்கு மனம் பதைத்தது. கூட்டம் முடிந்ததும் மெதுவாகவே ஊர் திரும்பி, நேராக வேறொரு மெக்கானிக்கிடம் சென்றோம்.

அவர் ஜக் போட்டுச் சில்லைக் கழற்றினார். சில்லுடன் சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்புத் தட்டுத்தான் டிஸ்க். பிறேக்கை மிதிக்கும்போது அதன் இரு புறமும் உள்ள பேட்கள் அதனை இறுக்கிப் பிடிக்கும். வெளிப்புற பேடில் பாதிக்கு மேல் மிச்சமிருந்தது. முன்னர் பார்த்தவர் சில்லின் இடைவெளியால் இதை மட்டுமே பார்த்திருக்க வேண்டும். உள்ளே இருந்த பேடோ முற்றாகத் தேய்ந்து, அதன் உருக்குத் தகடு டிஸ்க்கை உழுதிருந்தது. வயலில் சால் விட்டது போல வட்ட வட்டமாகப் பள்ளங்கள்.

"இரும்ப இரும்பு திண்டிருக்கு தங்கச்சி" என்றார் அவர்.

"அப்ப புது பேட் போட்டாச் சரிதானே காக்கா?" என்று ராத்தா கேட்டார்.

"ஏன் ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிச்செண்டு பாக்காமப் போட்டா, புதுசும் இப்பிடித்தான் போகும்."

காரணம் கலிப்பரில் இருந்தது. அது முன்பின் நகர்வதற்கான ஊசிகள் துருப்பிடித்து இறுகியதால், உள் பேட் மட்டும் எந்நேரமும் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. உப்புக் காற்று வீசும் எமது கரையோரத்தில் துருவைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

அன்று நான் கற்றுக்கொண்டவற்றை வாசகச் சகோதரிகளுக்கும் சொல்ல விரும்புகின்றேன்.

கீச்சிடும் சத்தம் பெரும்பாலும் முன்னெச்சரிக்கை. பல பேட்களில் இதற்கெனவே சிறு உருக்கு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேட் தேய்ந்து சில மில்லிமீற்றர்களே மிஞ்சும்போது அது டிஸ்க்கில் பட்டுக் கத்தும். ராவும் சத்தம் வந்துவிட்டால் சேதம் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

மழைக்குப் பிறகு காலையில் டிஸ்க்கில் தெரியும் மெல்லிய துரு சில தடவை பிறேக் பிடித்ததும் போய்விடும். நூல் போன்ற மெல்லிய கோடுகளும் வழமையானவையே. டிஸ்க் நன்றாக ஆறிய பின் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நகம் மாட்டிக்கொண்டால் அளந்து பார்க்க வேண்டும். பேடில் மணலோ சிறு கல்லோ புதைந்திருந்தாலும் இவ்வாறு கோடு விழும்.

டிஸ்க்கின் ஆகக் குறைந்த தடிப்பு எவ்வளவு என்பது பொதுவாக அதிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். கடைந்து மட்டமாக்கிய பின்னரும் தடிப்பு அந்த அளவுக்குக் குறையாது என்றால் மட்டுமே லேத்தில் கொடுக்கலாம். மெலிந்த டிஸ்க் விரைவில் சூடேறும், வெடிக்கவும் கூடும். ராத்தாவின் டிஸ்க் அந்த அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தது. கார் ஒரு பக்கம் இழுக்காதிருக்க முன் சில்லுகள் இரண்டுக்கும் டிஸ்க்கும் பேடும் மாற்றப்பட்டன. ஊசிகள் சுத்தம் செய்யப்பட்டு, வெப்பம் தாங்கும் கிறீஸ் பூசப்பட்டது.

பிறேக் தூசியை ஊதவோ, காற்றடிக்கவோ விடாதீர்கள். பழைய பேட்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைப்பதே நல்லது.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் கார் இறக்குமதிக்கு 2025இல்தான் மீண்டும் இடமளிக்கப்பட்டது. இதனால் பழைய வாகனங்களையே நீண்டகாலம் பாவித்து வருகின்றோம். அவற்றைக் கவனிப்பதும் எமது பொறுப்பாகின்றது.

"கீச்செண்ட அண்டைக்கே சரியாக் காட்டியிருந்தா டிஸ்க் தப்பியிருக்கும்" என்று காசைக் கொடுக்கும்போது ராத்தா வருந்தினார். அவர் காட்டாமல் இருக்கவில்லை. காட்டினார்; சொன்ன பதிலை நம்பினார். வாகன விடயம் எமக்கு விளங்காது என்று நாமே ஒதுங்குவதால், சுருக்கமான பதிலே எமக்குக் கிடைக்கின்றது.

சகோதரிகளே, நீங்கள் வாகனம் ஓட்டாதவராகவும் இருக்கலாம். உங்கள் பிள்ளை செல்லும் பாடசாலை வானில் அப்படியொரு சத்தம் கேட்டால் சாரதியிடம் தயங்காமல் கேளுங்கள்: "தம்பி, சில்லைக் கழட்டி உள் பேடையும் பாத்தீங்களா?"